கூரை தாங்கும் சுமை

நுழையும்முன்

மனிதன் தனக்கென அமைத்துக்கொண்ட முதற் காப்பு கூரை. வெயிலையும் மழையையும் பனியையும் தான் ஏற்று, தன்கீழ் வாழ்வோரைக் காப்பது அதன் கடமை. அக்கடமையில் அது தவறுமானால், காப்பாக நின்றதே கேடாக முடியும். பனி பொழியும் நாடுகளில் கூரைகள் சரிந்த நிகழ்வுகளையும், சாரல் பொழியும் தென்காசி, குற்றாலப் பகுதியின் கட்டட மரபையும் இணைத்துப் பார்க்கிறது இப்பாடம். சுமையை அறிதலும், அறிந்ததைப் பேணுதலும் உயிர்காக்கும் அறிவு என்பதை இது உணர்த்துகிறது.

சாரலும் கூரையும்

ஆனி பிறந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகளில் முகில்கள் திரளும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தின் பக்கமாக மலையேறி, மழையின் பெரும்பகுதியை அங்கேயே பொழிந்துவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியே இப்பக்கம் நுழையும். அப்போது எஞ்சிய ஈரம் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஊர்களின்மேல் சாரலாகத் தூவும். பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, பழைய குற்றாலம் எனப் பல இடங்களில் நீர் ஆர்ப்பரித்து வீழும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை மீண்டும் ஒருமுறை நனைக்கும். இவ்வாறு ஆண்டில் இருமுறை நனையும் நிலம் இது.

இந்நிலத்தின் பழைய வீடுகள் மழையை நன்கு அறிந்தவை. உயர்ந்த முகடு, இருபுறமும் சரியும் ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் இறவாணம் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். கூரையில் விழும் நீர் ஒருகணமும் தங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே சரிவு அமைந்தது. ஓடிய நீர் சுவரை நனைக்காமல் விழ வேண்டும் என்பதற்காகவே இறவாணம் நீண்டது. ஆடவல்லானின் ஐந்து அவைகளுள் ஒன்றான குற்றாலச் சித்திரசபையும் சரிந்த கூரையையே கொண்டுள்ளது. சுவர் முழுதும் ஓவியம் நிறைந்த அவ்வவைக்குக் கூரையே முதற் காவல். கூரை ஒழுகினால் ஓவியம் நிலைக்காது.

பனி வீழாத இவ்வூரில் பனிச்சுமையைப் பற்றி அறிவதால் பயன் யாது என்னும் வினா எழலாம். பனியும் மழையும் காற்றும் வடிவில் வேறுபட்டவை. ஆயினும் கூரைக்கு அவை மூன்றும் சுமைகளே. ஒன்றை அறிந்தவர் மற்றவற்றையும் அறிவர்.

பீலியும் பனியும்

மென்மையான மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார் திருவள்ளுவர். கூரைமேல் விழும் பனிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை இல்லை. வானிலிருந்து இறங்கும் பனித்துகள் பஞ்சினும் மெல்லியது. உள்ளங்கையில் ஏந்தினால் எடையே தோன்றாது. ஆனால், அது குவியும்போது கதை மாறுகிறது.

புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றே. ஒரு கனமீட்டர் புதுப்பனி ஏறத்தாழ 100 கிலோ எடை இருக்கும். அதனினும் குறைவாகவும் இருக்கலாம். நாள்கள் செல்லச் செல்ல அது தன் எடையாலேயே அமுங்கி இறுகுகிறது. அதன்மேல் மழை பெய்தால், பஞ்சு நீரை உறிஞ்சுவது போலப் பனி நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அப்போது ஒரு கனமீட்டரின் எடை 400 கிலோ அளவிற்கும் உயரக்கூடும். 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் உடைய பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தட்டையான கூரையின் பரப்பு 200 சதுர மீட்டர். அதன்மேல் அரை மீட்டர் உயரம் புதுப்பனி நின்றால் சுமை 10 டன். அதே உயரத்திற்கு நீர் ஊறிய பனி நின்றால் சுமை 40 டன். தரையில் நின்று காண்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெண்மைதான். கூரைக்கோ ஒன்று மற்றொன்றைப்போல் நான்கு மடங்கு.

பனி எங்கும் ஒரே சீராகப் படிவதும் இல்லை. காற்று அதை ஓரிடத்திலிருந்து வாரி மற்றோரிடத்தில் குவிக்கும். உயர்ந்த கட்டடத்தை ஒட்டி நிற்கும் தாழ்ந்த கூரையிலும், இரு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்திலும் பனி மலைபோல் திரளும். ஒருபுறம் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் நிற்கும் சுமை, சீரான சுமையினும் கேடானது. பக்கத்திற்கு ஒருவராகத் தூக்கும் பல்லக்கில் ஒருவர் விலகினால் நேர்வதே கூரைக்கும் நேரும்.

பனி வீழ்த்திய கூரைகள்

2006-ஆம் ஆண்டின் சனவரித் திங்கள் ஐரோப்பாவிற்கு இரு பெரும் துயரங்களைத் தந்தது. சனவரி 2-ஆம் நாள், செருமனியின் பாட் ரைகன்கால் நகரில் பனிச்சறுக்கு அரங்கின் கூரை இடிந்து விழுந்தது. பள்ளி விடுமுறைக் காலம் ஆதலால் சிறுவர்கள் பலர் அங்கே விளையாடிக்கொண்டிருந்தனர். 15 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். அதே திங்கள் 28-ஆம் நாள், போலந்தின் கட்டோவிசு நகரை அடுத்த கண்காட்சி அரங்கில் புறாக் கண்காட்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. மாலையில் கூரை சரிந்ததில் 65 பேர் மாண்டனர்.

இரண்டு இடங்களிலும் கூரைமேல் கனத்த பனி இருந்தது உண்மை. எனினும், குற்றம் பனியினுடையது மட்டுமன்று என்பதை ஆய்வுகள் வெளிப்படுத்தின. பாட் ரைகன்கால் அரங்கின் கூரையை மரத்தாலான நெடிய உத்தரங்கள் தாங்கி நின்றன. அம்மரத்துண்டுகளை இணைக்கப் பயன்பட்ட பசை ஈரத்தைத் தாங்கும் தன்மையற்றது. பனிச்சறுக்கு அரங்கமோ எப்போதும் ஈரம் கசியும் இடம். ஆண்டுக்கணக்கில் பசை வலுவிழந்ததை யாரும் உரிய வகையில் சோதித்துப் பார்க்கவில்லை. வடிவமைப்புக் கணக்கிலும் பிழை இருந்தது. கட்டோவிசு அரங்கில் வடிவமைப்பிலேயே குறை இருந்தது. முந்தைய குளிர்காலம் ஒன்றில் கூரை பழுதுற்றபோதும் அடிப்படைக் குறை களையப்படவில்லை. கூரைமேல் சேர்ந்த பனியும் முறையாக அகற்றப்படவில்லை.

இவற்றுக்கு முன்னரே, 1978 சனவரி 18-ஆம் நாள் விடியற்காலையில் அமெரிக்காவின் ஆர்ட்ஃபோர்டு நகர விளையாட்டரங்கின் கூரை பனியின் சுமையால் வீழ்ந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பு வரை ஏறத்தாழ 5,000 பேர் அக்கூரையின்கீழ் கூடைப்பந்து ஆட்டம் கண்டு களித்தனர். அரங்கு வெறுமையாக இருந்ததால் உயிரிழப்பு நேரவில்லை. அக்கூரை கணினியின் துணையோடு வடிவமைக்கப்பட்டது. கட்டும் காலத்திலேயே, கணக்கிட்டதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அது தொய்ந்திருந்தது. ஆயினும், கணினி பிழை செய்யாது என்ற நம்பிக்கையில் அத்தொய்வு பொருட்படுத்தப்படவில்லை. கண்முன் தெரிந்த சான்றைவிடத் தாளில் இருந்த கணக்கையே பெரிதாக மதித்ததன் விளைவு அது.

மூன்று நிகழ்வுகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பனி இறுதிக் காரணம். முதற் காரணம் மனிதரின் கவனக்குறைவு. கூரைகள் வீழ்வதற்கு முன்பே தம் நிலையை உணர்த்தியிருந்தன. அவற்றின் மொழியைக் கேட்பார்தாம் இல்லை.

பனியில்லா ஊரின் சுமைகள்

தென்காசிப் பகுதியில் கூரைக்கு வரும் முதற் சுமை மழைநீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். அதன் எடை 1 கிலோ. எளிய இக்கணக்கை நினைவில் நிறுத்தினால் போதும். சரிந்த கூரையில் நீர் ஓடிவிடும். தட்டையான மொட்டைமாடியில் நீர்போக்குக் குழாய் அடைபட்டால் நீர் தேங்கும். முற்கூறிய 200 சதுர மீட்டர்ப் பட்டறையின் கூரை தட்டையாக இருந்து, அதில் 10 செ.மீ. உயரம் நீர் தேங்கினால் சுமை 20 டன்.

2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்கள் நான்கிலும் கொட்டிய பெருமழை மறக்கத்தக்கதன்று. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அம்மழை முழுதும் ஓரிடத்தில் தேங்கியிருப்பின், ஒவ்வொரு சதுர மீட்டரும் 950 கிலோ சுமந்திருக்க வேண்டும். அவ்வளவைத் தாங்குமாறு கூரைகள் பொதுவாகக் கட்டப்படுவதில்லை. கூரைகளைக் காத்தவை நீர்போக்கு வழிகளே. உலர்ந்த சருகும் நெகிழிப் பையும் அவ்வழியை அடைக்கப் போதுமானவை. ஆகவே, பருவமழைக்கு முன் குழாயின் வாயைத் துப்புரவு செய்வது எளிய பணியாயினும் உயிர்காக்கும் பணி.

தேங்கும் நீருக்கு மற்றொரு தீய இயல்பும் உண்டு. நீரின் எடையால் கூரை சிறிது தொய்கிறது. தொய்ந்த பள்ளத்தில் மேலும் நீர் சேர்கிறது. சேர்ந்த நீரால் பள்ளம் மேலும் ஆழமாகிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சி, கூரை வீழும்வரை ஓயாமல் தொடரக்கூடும். கடனுக்கு வட்டியும், வட்டிக்கு வட்டியும் ஏறுவது போன்றது இது.

இரண்டாம் சுமை காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றின் வலிமைக்குச் சுரண்டை, கயத்தாறு வட்டாரங்களில் சுழலும் காற்றாலைகளே சான்று. பனியும் மழையும் கூரையைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. காற்றோ கூரையை மேல்நோக்கித் தூக்குகிறது. கூரைமேல் விரைந்து செல்லும் காற்றினால் அங்கே அழுத்தம் குறைகிறது. காற்று வரும் திசையில் பட்டறையின் பெருங்கதவு திறந்திருந்தால் உள்ளே நுழையும் காற்று கீழிருந்து தள்ளுகிறது. மேலிருந்து இழுப்பும் கீழிருந்து தள்ளலும் சேரும்போது, துருவேறிய கொக்கியாணிகள் கழன்று தகரங்கள் பறக்கின்றன. பறக்கும் தகரம் அரிவாளினும் கூரியது. ஆதலால், கூரை கனமாக இருந்தால் மட்டும் போதாது. அது சுவரோடும் தூணோடும் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 என்னும் நெறிமுறை ஐந்து பகுதிகளாக வகுத்துள்ளது. முதற்பகுதி கட்டடத்தின் சொந்த எடையையும், இரண்டாம் பகுதி மனிதராலும் பொருள்களாலும் வரும் சுமையையும், மூன்றாம் பகுதி காற்றுச்சுமையையும், நான்காம் பகுதி பனிச்சுமையையும், ஐந்தாம் பகுதி சிறப்புச் சுமைகளையும் கூறுகின்றன. இமயமலைச் சாரலில் கட்டுவோர்க்கு நான்காம் பகுதி இன்றியமையாதது. தென்காசியில் கட்டுவோர்க்கு மூன்றாம் பகுதி இன்றியமையாதது.

நிலத்திற்கேற்ற கூரை

கூரையின் வடிவம் அந்நிலத்தின் வானிலையை எழுதிக்காட்டும் ஏடு. பனி மிகுந்த காசுமீரத்தில் கூரைகள் செங்குத்தாகச் சரிந்திருக்கும். பனி தானே வழுக்கி விழும். மழை மிகுந்த கேரளத்திலும் குற்றாலத்திலும் ஓட்டுக்கூரைகள் சரிந்து நீளும். மழை அரிதான இலடாக்கில் மண்ணால் மெழுகிய தட்டைக் கூரைகளே மரபு. அவற்றின்மேல் தீவனமும் விறகும் உலர வைப்பர். 2010 ஆகத்து மாதம் லே நகரில் மேகவெடிப்பு நிகழ்ந்து, பெருவெள்ளமும் சேற்றுப்பெருக்கும் மக்களை வாரிச்சென்றபோது, உலர்ந்த நிலத்திற்கென அமைந்த மண்வீடுகள் தாக்குப்பிடிக்க இயலவில்லை. வானிலை தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளும்போது, பழைய வழக்கத்தை மட்டும் நம்பிக் கட்டிய கூரைகள் சோதனைக்கு உள்ளாகின்றன.

பட்டறைக் கூரை

வீட்டின் கூரையினும் பட்டறையின் கூரை கூடுதல் கவனத்திற்குரியது. மரம் அறுக்கும் பட்டறை, இரும்பு வேலைப் பட்டறை, வண்டி பழுதுநீக்கும் பட்டறை ஆகியவற்றில் நடுவே தூண்கள் இருப்பின் வேலைக்கு இடையூறாகும். எனவே, சுவருக்குச் சுவர் நீண்ட சட்டகங்களே கூரையைத் தாங்குகின்றன. ஒரே தடிமனுள்ள உத்தரத்தின் நீளத்தை இரு மடங்காக்கினால், சீராகப் பரவிய சுமையால் அதன் நடுவில் ஏற்படும் வளைவிசை நான்கு மடங்காகிறது. தொய்வோ பதினாறு மடங்காகிறது. நீளம் கூடும்போது உறுதியையும் கணக்கறிந்து கூட்ட வேண்டும்.

பட்டறைகளில் நிகழும் பிழைகள் பெரும்பாலும் தீய எண்ணத்தால் நிகழ்வன அல்ல. வேலை நடக்க வேண்டும் என்னும் அவசரத்தால் நிகழ்வன. கனமான பொறியைத் தூக்கக் கூரைச் சட்டகத்திலேயே சங்கிலிக் கப்பியை மாட்டுகின்றனர். லாரியின் உயரத்திற்கு இடையூறாக இருக்கிறதென்று குறுக்குச் சட்டம் ஒன்றை அறுத்து எடுக்கின்றனர். ஒழுகும் கூரையை மாற்றாமல் அதன்மேல் மற்றொரு தகரத்தைப் பரப்புகின்றனர். அறுத்த சட்டம் வீணான சட்டமன்று. காற்று வீசும் நாளுக்காகக் காத்திருந்த சட்டம் அது. அந்நாள் வரும்வரை, அது இல்லாத குறை எவர்க்கும் தெரிவதில்லை.

கூரை வீழ்வதற்கு முன் பலவேளைகளில் அறிகுறிகள் தோன்றும். நேராக இருந்த முகடு தொய்தல், கதவும் சன்னலும் திடீரென இறுகுதல், சுவரும் உத்தரமும் சேருமிடத்தில் புதிய வெடிப்பு, மரம் முறுகும் ஒலி, ஓட்டிலிருந்து துகள் உதிர்தல் ஆகியன அவற்றுள் சில. அவற்றைக் கண்டவுடன் செய்ய வேண்டிய முதற்செயல் வெளியேறுதல், பிறரையும் வெளியேற்றுதல். பொருள்களை எடுக்க மீண்டும் உள்ளே செல்லலாகாது. பழைய கல்நார்த் தகட்டின்மேல் ஏறிப் பழுது பார்க்க முயல்வதும் கூடாது. அது எச்சரிக்கையின்றி உடையும் இயல்புடையது.

இவ்வறிவு பட்டறைக்கு மட்டும் உரியதன்று. 2021 திசம்பர் 17-ஆம் நாள், திருநெல்வேலியில் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அதன்பின், தமிழ்நாடு முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் பணி முடுக்கிவிடப்பட்டது. அப்பணி தொடங்க மூன்று இளம் உயிர்கள் விலையாயின என்பது நெஞ்சில் நிற்க வேண்டிய செய்தி. விரிசலைக் கண்ட மாணவர் அதனை ஆசிரியரிடம் தெரிவிப்பதும், தெரிந்துகொண்ட ஆசிரியர் உரியவர்க்கு எழுதுவதும் குறைகூறல் ஆகா; அவை கடமை.

மன்னனின் வணக்கம்

பேணுதலின் பெருமையைத் தென்காசி ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்திருக்கிறது. காசி விசுவநாதர் கோவிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவன் பராக்கிரம பாண்டியன். கட்டியவர் பெயரைப் போற்றுவதே கல்வெட்டுகளின் வழக்கம். இம்மன்னனோ, இக்கோவிலுக்குப் பிற்காலத்தில் பழுது நேருமாயின் அதனைச் செப்பனிட்டுக் காப்பவர் எவராயினும் அவருடைய அடிகளில் தான் வீழ்ந்து வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். முடிசூடிய மன்னன், தான் காணப்போகாத காலத்தில், தான் அறியாத ஒருவரை முன்கூட்டியே வணங்குகிறான். அவன் செருக்குற்றுக் கட்டவில்லை. கல்லும் ஒருநாள் தளரும் என்பதை அறிந்தே கட்டினான்.

அவன் அஞ்சியது நிகழ்ந்தது. கோபுரம் பிற்காலத்தில் சிதைவுற்று, மேல்நிலைகள் இன்றி நெடுங்காலம் மொட்டையாக நின்றது. தென்காசி மக்கள் அதனை அந்நிலையிலேயே விட்டுவிடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருப்பணி மேற்கொள்ளப்பட்டு, 1990-ஆம் ஆண்டில் ஒன்பது நிலைக் கோபுரம் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. இன்று மேற்கிலிருந்து வரும் காற்றை எதிர்கொண்டு அது நிமிர்ந்து நிற்கிறது. மன்னனின் வணக்கம் ஐந்து நூற்றாண்டுகள் கடந்து உரியவர்களைச் சென்றடைந்தது.

கட்டுவோர் சிலர், காப்போர் பலர். கட்டும் நாளில் விழா உண்டு. குழாயில் சருகு நீக்கும் நாளில் விழா இல்லை. ஆயினும், கூரையை நிறுத்தி வைப்பது அப்பெயரற்ற கைகளின் உழைப்பே. பனி பெய்யும் நாட்டில் மண்வெட்டியோடு கூரையேறுபவரும், சாரல் பெய்யும் ஊரில் பருவத்திற்கு முன் ஓடு மாற்றுபவரும், பட்டறையில் துருவேறிய ஆணியைக் கண்டு வேலையை நிறுத்துபவரும் பராக்கிரம பாண்டியனின் வணக்கத்திற்கு உரியவர்களே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக் கூரையின் நீள அகலங்களை அளந்து, அதில் 5 செ.மீ. உயரம் நீர் தேங்கினால் ஏற்படும் சுமையைக் கணக்கிடுக.
2. உங்கள் ஊரில் உள்ள கொத்தனார், தச்சர், பட்டறைத் தொழிலாளர் ஆகியோருள் ஒருவரிடம் உரையாடி, கூரையின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுக்க.
3. பள்ளி வளாகத்தில் காணப்படும் விரிசல், நீர்க்கசிவு ஆகியவற்றைக் குறித்துத் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.

குறுவினா

1. இறவாணம் நீண்டு அமைவதன் பயன் யாது?
2. புதுப்பனிக்கும் நீர் ஊறிய பனிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. தேங்கும் நீரின் தீய இயல்பைப் பாடம் எவ்வாறு விளக்குகிறது?
2. காற்று கூரையைத் தாக்கும் முறையை எழுதுக.
3. பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு உணர்த்தும் பண்பை விளக்குக.

நெடுவினா

‘பனி இறுதிக் காரணம், முதற் காரணம் மனிதரின் கவனக்குறைவு’ – இக்கூற்றைப் பாடத்தில் இடம்பெறும் நிகழ்வுகளின் வழி நிறுவுக.